தள்ளாடும் இளமீன்: எப்சிலான் எரிடானியும் அதன் பெருங்கோளும்

புறக்கோள்களின் வரலாறு – 7

மார்கழி மாத முன்னிரவில், ஓரியன் விண்மீன் குழுவின் தென்மேற்கு மூலையில் வெண்ணீலமாக ஒளிரும் ரிகலிலிருந்து மேற்கு நோக்கி வளைந்து செல்லும் மங்கலான மீன்களின் வரிசையைக் கிரேக்கர் எரிடானஸ் என்னும் ஆறாகக் கண்டனர். அந்த ஆற்றின் போக்கில், நகர விளக்குகளின் ஒளி எட்டாத இடங்களில் மட்டுமே வெறும் கண்ணுக்குத் தென்படும் மங்கலான மீன் ஒன்று உள்ளது. 1603-ஆம் ஆண்டில் யோகான் பேயர் வெளியிட்ட விண்மீன் படநூலில் அதற்குக் கிரேக்க நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்து இடப்பட்டதால் எப்சிலான் எரிடானி என்னும் பெயர் அதற்கு நிலைத்தது. தோற்றத்தில் எளியதாயினும், வெறும் கண்ணால் காணக்கூடிய விண்மீன்களுள் ஆல்பா சென்டாரிக்கும் சிரியசுக்கும் அடுத்தபடியாக நமக்கு மிக அண்மையில் இருப்பது இதுவே. இதன் தொலைவு 10.5 ஒளியாண்டு, அதாவது ஏறத்தாழ 99 லட்சம் கோடி கிலோமீட்டர்.

விண்மீன்களை அவற்றின் மேற்பரப்பு வெப்பநிலைக்கு ஏற்ப வானியலர் வகைப்படுத்துகின்றனர். அவ்வகைகளுள் சூரியனைவிடச் சற்றே குளிர்ந்தும் நிறை குறைந்தும், சிவப்புக் குறுமீன்களைவிடச் சூடாகவும் இருப்பவை ஆரஞ்சுக் குறுமீன்கள் எனப்படுகின்றன. இங்கே ‘குறுமீன்’ என்பது, மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றிக்கொண்டு அமைதியாக ஒளிரும் நடுவாழ்க்கைக் கட்டத்தில் உள்ள விண்மீனையே குறிக்கிறது. எப்சிலான் எரிடானியின் நிறை சூரியனுடையதில் ஐந்தில் நான்கு பங்கு, மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,100 கெல்வின், வெளியிடும் ஒளி சூரியனுடையதில் மூன்றில் ஒரு பங்கு. எனினும் இவ்வரலாறு முழுவதையும் ஆட்டிப்படைத்த பண்பு இவற்றுள் எதுவுமன்று. அம்மீனின் வயதே அது. சூரியன் பிறந்து 460 கோடி ஆண்டுகள் ஆகியிருக்க, இது பிறந்து 40 முதல் 80 கோடி ஆண்டுகளே ஆகியுள்ளன. இளம் விண்மீன்கள் வேகமாகச் சுழல்கின்றன. வேகமான சுழற்சி வலிய காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கிறது. அக்காந்தப்புலம் மீனின் முகத்தில் கரும்புள்ளிகளையும் கொந்தளிப்புகளையும் உண்டாக்குகிறது. தன் அருகே ஒரு பெருங்கோளை வைத்திருந்தும், அதை உறுதியாகக் காட்டிக்கொடுக்க இம்மீன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டதன் காரணம் இதுதான்.

அதன் தொலைவை அளக்கும் முயற்சி 1880-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் வானாய்வகத்தில் நிகழ்ந்தது. பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள மீன் தொலைதூர மீன்களின் பின்னணியில் இடம் மாறுவதுபோல் தோன்றும் சிறு கோணமாகிய இடமாறு தோற்றத்தை டேவிட் கில்லும் வில்லியம் எல்கினும் அளந்தனர். அவர்கள் பெற்ற தொலைவு உண்மைத் தொலைவைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டதாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது திருத்தப்பட்ட பிறகே, சூரியனை ஒத்த மீன் ஒன்று இவ்வளவு அண்மையில் இருக்கிறது என்னும் உண்மை அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது.

அக்கவனத்தின் முதல் பெரும் விளைவு 1960-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்திலுள்ள கிரீன் பாங்க் வானொலி வானாய்வகத்தில் வெளிப்பட்டது. ஃபிராங்க் டிரேக் என்னும் இளம் வானியலர் 26 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கியை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி ஆகிய இரு மீன்களை நோக்கித் திருப்பி, வேற்றுலக அறிவுயிர்கள் அனுப்பும் சைகை ஏதேனும் வருகிறதா என்று தேடினார். ஹைட்ரஜன் அணுக்கள் இயல்பாக உமிழும் 1420 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அவர் தேர்ந்தது, அண்டமெங்கும் அறிவியல் அறிந்த எவரும் அவ்வலைவரிசையை அறிந்திருப்பர் என்னும் கருத்தினால் ஆகும். ஓஸ்மா திட்டம் எனப்பட்ட அம்முயற்சியின் முதல் நாளிலேயே, தொலைநோக்கி எப்சிலான் எரிடானியை நோக்கித் திரும்பிய சற்று நேரத்தில், வலிய துடிப்புகள் பதிவாயின. ஆனால் அவை புவியைச் சார்ந்தவை என்றும், பெரும்பாலும் உயரப் பறந்த விமானம் ஒன்றிலிருந்து வந்தவை என்றும் பின்னர்த் தெளிந்தது. ஜூலை வரை நடந்த தேடலில் வேறெதுவும் கிட்டவில்லை. அன்று அம்மீனின் வயது அறியப்படவில்லை. பூமியில் பலசெல் உயிர்கள் தோன்றவே முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்பதைக் கருதினால், இவ்வளவு இளைய மீனைச் சுற்றி அறிவுயிர்களை எதிர்பார்க்க இயலாது என்பது இன்றைய தெளிவு. ஆயினும் வேற்றுலக அறிவுயிர்களை வானொலியில் முறைப்படி தேடும் துறையே அந்த ஏப்ரலில்தான் பிறந்தது.

அன்று அந்த ஆய்வகத்தின் இயக்குநராக இருந்து டிரேக்குக்கு ஆதரவளித்தவர் ஓட்டோ ஸ்துரூவே. அவரே 1952-இல் வெளியிட்ட இரண்டு பக்கக் கட்டுரையொன்றில், வியாழனை ஒத்த பெருங்கோள்கள் தம் மீன்களுக்கு மிக நெருக்கமாகவும் சுற்றக்கூடும் என்றும், அவற்றின் ஈர்ப்பால் மீன் அடையும் அசைவை நிறமாலையின் வழியே அளக்கலாம் என்றும் எழுதியிருந்தார். புறக்கோள்களின் வரலாற்றில் அக்கட்டுரைக்கு இணையான முன்னறிவு வேறில்லை எனலாம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது பெரும்பாலும் படிக்கப்படாமலே கிடந்தது.

கோளைத் தேடியவர்கள் முதலில் கைக்கொண்டது வேறு வழி. கோள் மீனைச் சுற்றுகிறது என்பது வழக்குமொழி. உண்மையில் இரண்டும் தம் பொது நிறை மையத்தைச் சுற்றுகின்றன. ஆதலால் வானத்தில் நேர்கோட்டில் செல்ல வேண்டிய மீனின் பாதை மிகச் சிறிய அளவில் நெளியும். பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்ப்ரூல் வானாய்வகத்தில் பீட்டர் வான் டி காம்ப் இந்த நெளிவைத் தேடி, 1930-களின் இறுதி முதல் ஆயிரக்கணக்கான ஒளிப்படத் தகடுகளை எடுத்துவந்தார். பார்னார்டு மீனுக்குக் கோள் இருப்பதாக அவர் அறிவித்த செய்தி இத்தொடரின் முந்தைய பகுதியில் கூறப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் எப்சிலான் எரிடானிக்கும் அவ்வாறே, 25 ஆண்டுகளில் ஒருமுறை சுற்றிவரும் கண்ணுக்குப் புலப்படாத துணை ஒன்று இருப்பதாக அவர் முடிவு செய்தார். அம்முடிவு நிலைக்கவில்லை. 1949-இலும் 1957-இலும் தொலைநோக்கியின் வில்லையிலும் அதன் தாங்கியிலும் செய்யப்பட்ட மாற்றங்கள் தகடுகளில் இடப்பெயர்ச்சியை உண்டாக்கியிருந்தன என்பதை அதே ஆய்வகத்தின் ஜான் ஹெர்ஷி 1973-இல் காட்டினார். எப்சிலான் எரிடானியின் துணையை அதே ஆய்வகத்தைச் சேர்ந்த வுல்ஃப் ஹைன்ட்ஸ் 1990-களின் தொடக்கத்தில் மறுத்தார். கருவியின் அசைவு விண்மீனின் அசைவாகத் தோன்றிவிட்டது. வான் டி காம்ப்பின் விடாமுயற்சியைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அவருடைய அனுபவம், கோள் கண்டதாக அறிவிக்கும் ஒவ்வொருவரையும் ஐயத்தோடு நோக்கும் பழக்கத்தை அடுத்த தலைமுறையில் ஊன்றிவிட்டது.

அந்த ஐயம் நிறைந்த சூழலில்தான் கனடாவின் புரூஸ் கேம்பல், கோர்டன் வாக்கர், ஸ்டீஃபன்சன் யாங் ஆகியோர் ஸ்துரூவேயின் வழியில் இறங்கினர். அவர்கள் அளக்க விரும்பியது ஆரத் திசைவேகம், அதாவது மீன் நம்மை நோக்கி வரும் அல்லது நம்மைவிட்டு விலகும் வேகம். மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் தனிமங்களுக்குரிய இருண்ட கோடுகள் தோன்றும். மீன் நெருங்கும்போது அக்கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகர்கின்றன. டாப்ளர் விளைவு எனப்படும் இந்நகர்வின் அளவோ மிகச் சிறிது. வியாழன் சூரியனை அசைக்கும் வேகம் நொடிக்கு 12.5 மீட்டர் மட்டுமே, அதாவது ஊருக்குள் ஓடும் பேருந்தின் வேகம். அது நிறமாலைக் கோட்டை நகர்த்துவது அலைநீளத்தில் ஏறத்தாழ இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு. அக்காலத்தில் நொடிக்குச் சில நூறு மீட்டர் பிழையோடு அளப்பதே நல்ல அளவீடு எனக் கருதப்பட்டது. கருவி சிறிது குளிர்ந்தாலோ வளைந்தாலோ உண்டாகும் நகர்வு, கோளினால் உண்டாகும் நகர்வைவிடப் பன்மடங்கு பெரியதாக இருந்தது.

இத்தடையை நீக்க அவர்கள் கண்ட உபாயம் துணிவானது. மீனின் ஒளி கருவிக்குள் நுழையும் முன்பே ஹைட்ரஜன் ஃபுளூரைடு வாயு அடைக்கப்பட்ட குப்பி ஒன்றின் ஊடே அதைச் செலுத்தினர். அவ்வாயு தன் சொந்த இருண்ட கோடுகளை அதே நிறமாலையில் பதிக்கும். கருவியில் எது அசைந்தாலும் வாயுவின் கோடுகளும் மீனின் கோடுகளும் ஒன்றாகவே நகரும். ஆகவே இரண்டுக்கும் இடையே எஞ்சும் வேறுபாடு மீனுடைய உண்மையான அசைவாகும். அந்த வாயு உயிரைக் குடிக்கும் நஞ்சு, கண்ணாடியையே அரிக்க வல்லது. ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையுச்சியில், மூச்சு விடுவதே கடினமான உயரத்தில், 3.6 மீட்டர் விட்டமுள்ள கனடா–பிரான்ஸ்–ஹவாய்த் தொலைநோக்கியில், ஆண்டுக்குச் சில இரவுகள் என்ற கணக்கில் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் அவர்கள் இப்பணியைச் செய்தனர். பிழை நொடிக்குச் சுமார் 13 மீட்டராகக் குறைந்தது. இருபதுக்கு மேற்பட்ட மீன்களைக் கண்காணித்த அவர்கள் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில், எப்சிலான் எரிடானி உள்ளிட்ட சில மீன்களின் வேகம் பல ஆண்டு கால அளவில் மெல்ல மாறுவதாகத் தெரிவித்தனர். சூரியனை ஒத்த மீன் எதற்கும் அன்று உறுதி செய்யப்பட்ட கோள் ஒன்றுகூட இல்லை.

ஆயினும் கோள் கண்டதாக அவர்கள் உரிமை கொண்டாடவில்லை. அதே பட்டியலில் இருந்த காமா செஃபீ என்னும் ஆரஞ்சு மீனின் அசைவை, மீனின் சுழற்சியால் விளைந்திருக்கலாம் என்று கருதி 1992-இல் அவர்களே கைவிட்டனர். அங்கே கோள் இருப்பது 2003-இல் உறுதியாயிற்று. நிரந்தரப் பணி கிட்டாத கேம்பல் இதற்குள் வானியலையே விட்டு விலகியிருந்தார். 1995-இல் சூரியனை ஒத்த மீன்களுள் முதலாவதாக 51 பெகாசிக்குக் கோள் அறிவிக்கப்பட்டபோது உலகின் பாராட்டு வேறிடத்துக்குச் சென்றது. அப்பாராட்டு தகுதியானதே, ஆயினும் வாயுக் குப்பியை ஒளியின் வழியில் வைத்துக் கோள் தேடும் முறையை முதலில் நிலைநாட்டிய கனடியக் குழுவுக்கு இவ்வரலாற்றில் உரிய இடம் இன்னும் போதிய அளவு வழங்கப்படவில்லை. அதே முறையை அவ்வளவு கொடியதல்லாத அயோடின் ஆவியைக் கொண்டு வளர்த்துத்தான் கலிபோர்னியக் குழுவினர் பின்னர்ப் பல கோள்களைக் கண்டனர்.

கனடியக் குழு தயங்கியதற்குக் காரணம் மீனின் இளமையே. கரும்புள்ளி ஒன்று சுழலும் மீனின் முகத்தைக் கடக்கும்போது, நம்மை நோக்கி வரும் பாதியின் ஒளியை முதலிலும் விலகும் பாதியின் ஒளியைப் பின்னரும் குறைக்கிறது. அதனால் நிறமாலைக் கோடு ஒரு பக்கம் சாய்ந்து, மீன் அசையாதபோதும் அசைந்ததுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. எப்சிலான் எரிடானி சுமார் பதினொரு நாள்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவதால் அதனால் வரும் பொய்யசைவைப் பிரித்தறிவது எளிது. சூரியனுக்கு உள்ள பதினோராண்டுச் சுழற்சியைப்போல் கரும்புள்ளிகள் பெருகியும் குறைந்தும் வரும் காந்தச் சுழற்சியே பெருஞ்சிக்கல். அது கோளின் சுற்றுக்காலத்தை ஒத்த ஆண்டுக் கணக்கில் நிகழ்கிறது. இச்சுழற்சியை அளக்க உதவுவது மின்னூட்டம் பெற்ற கால்சியம் அணுக்கள் உமிழும் ஊதா ஒளி. அவ்வொளிக் கோட்டின் அகலத்துக்கும் விண்மீனின் உண்மை ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பை ஓலின் வில்சனும் வைணு பாப்புவும் 1957-இல் வெளியிட்டனர். பின்னாளில் தமிழ்நாட்டின் காவலூரில் வானாய்வகம் அமைத்து, இன்று அவ்வாய்வகத்துக்கே பெயராக விளங்கும் பாப்பு அவரே. கலிபோர்னியாவின் மௌன்ட் வில்சனில் 1966 முதல் பல மீன்களின் கால்சிய ஒளியை வில்சன் தொடர்ந்து அளந்துவந்தார். அந்நெடும் பதிவில் எப்சிலான் எரிடானியும் இடம்பெற்றது. அதில் சுமார் மூன்று ஆண்டு, பதின்மூன்று ஆண்டு கால அளவுள்ள இரண்டு காந்தச் சுழற்சிகள் ஒருங்கே நிகழ்வதாக 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதற்கிடையே அம்மீனைச் சுற்றிலும் ஏதோ இருக்கிறது என்பதற்கு வேறு வழியில் சான்று கிடைத்திருந்தது. 1983-இல் ஏவப்பட்ட ஐராஸ் என்னும் அகச்சிவப்புச் செயற்கைக்கோள், வேகா, ஃபோமல்ஹாட், பீட்டா பிக்டோரிஸ் ஆகியவற்றோடு எப்சிலான் எரிடானியும் எதிர்பார்த்ததைவிட மிகுதியான வெப்பக் கதிர்வீச்சை வெளியிடுவதைக் கண்டது. மீனின் ஒளியால் சூடேறிய தூசியே அதற்குக் காரணம். 1998-இல் ஜேன் கிரீவ்ஸ் தலைமையிலான குழு, மௌனா கியாவின் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தொலைநோக்கியால் அத்தூசியைப் படமெடுத்தபோது, மீனிலிருந்து சுமார் அறுபது வானியல் அலகு தொலைவில் அது வளையமாக அமைந்திருப்பது தெரிந்தது. ஒரு வானியல் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தொலைவு. நெப்டியூனுக்கு அப்பால் நம் சூரியக் குடும்பத்தைச் சூழ்ந்துள்ள கைப்பர் வளையத்தை அது பெரிதும் ஒத்திருந்தது. வளையம் இருக்குமாயின் அதன் உட்புறத்தைத் துப்புரவாக்கிய கோளும் இருக்கலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மான்செஸ்டரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் மாநாட்டின்போது கோள் அறிவிக்கப்பட்டது. ஆர்ட்டி ஹாட்செஸ் தலைமையில் டெக்சாசின் மெக்டொனால்டு ஆய்வகத்தினரும் பிறரும் சேர்ந்து, நான்கு வெவ்வேறு தொலைநோக்கிகளில் இருபது ஆண்டுகளாகத் திரட்டப்பட்ட ஆறு அளவீட்டுத் தொகுதிகளை ஒன்றிணைத்திருந்தனர். அவற்றுள் மிகப் பழையது கேம்பலும் வாக்கரும் நச்சுவாயுக் குப்பியோடு மலையுச்சியில் எடுத்தது. கட்டுரையாசிரியர்களின் வரிசையில் அவ்விருவர் பெயரும் இடம்பெற்றமை நிறைவளிக்கும் செய்தி. வியாழனைவிடச் சற்றுக் குறைந்த நிறையுள்ள கோள் ஒன்று 6.9 ஆண்டுகளில் மீனைச் சுற்றிவருகிறது என்பது அவர்கள் முடிவு. கால்சிய ஒளியில் அதே கால அளவுள்ள மாற்றம் காணப்படவில்லை என்பதும், வேகமாற்றம் இருபது ஆண்டுகளும் ஒரே சீராகத் தொடர்ந்தது என்பதும் அவர்கள் காட்டிய வலுவான வாதங்கள்.

ஆனால் அக்கோளின் பாதை விந்தையானதாகக் கணிக்கப்பட்டது. ஒரு சுற்றுப்பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீண்டிருக்கிறது என்பதை மையத்தொலைத் தகவு என்னும் எண் குறிக்கிறது. முழு வட்டத்துக்கு அது சுழி, வியாழனுக்கு 0.05, இக்கோளுக்கோ 0.6. ஃபிரிட்ஸ் பெனடிக்ட் தலைமையிலான குழு ஹப்பிள் விண்தொலைநோக்கியின் வழிகாட்டு உணரிகளைக் கொண்டு வானில் மீனின் நெளிவையே அளந்து 2006-இல் வெளியிட்ட முடிவு, அத்தகவை 0.7 என்றும் கோளின் நிறையை வியாழனைப்போல் ஒன்றரை மடங்கு என்றும் உயர்த்தியது. வான் டி காம்ப் தேடிய அதே நெளிவு, வளிமண்டலத்துக்கு அப்பாலிருந்து, அவர் கனவுகாணவும் இயலாத நுண்மையோடு தேடப்பட்டது. அவ்வளவு நீண்ட பாதையில் செல்லும் கோள் ஒரு கோடியில் மீனிலிருந்து ஒரு வானியல் அலகு வரை நெருங்கியும் மறுகோடியில் ஆறு அலகு வரை விலகியும் செல்லும். 2009-இல் ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கியின் தரவுகளை ஆராய்ந்தவர்கள் மீனுக்கு அருகிலேயே, சுமார் மூன்று அலகு தொலைவில், சிறுகோள் வளையம் ஒன்று இருப்பதாகக் கணித்தபோது முரண்பாடு வெளிப்பட்டது. அவ்வளையத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஒரு பெருங்கோள் ஓடினால் வளையம் நிலைக்காது. வளையமோ பாதையோ ஏதேனும் ஒன்று தவறாக இருந்தாக வேண்டும். 2010-களின் தொடக்கத்தில், முன்னினும் நுண்ணிய புதிய அளவீடுகளில் பழைய பாதை பொருந்தவில்லை என்று கண்ட சில ஆய்வாளர்கள் கோளின் இருப்பையே ஐயுற்றனர்.

ஐயம் தீராத நிலையிலேயே அதற்குப் பெயரும் சூட்டப்பட்டது. பொதுமக்களின் வாக்கெடுப்புக்குப் பின் 2015 டிசம்பரில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் மீனுக்கு ரான் என்றும் கோளுக்கு ஏகிர் என்றும் பெயரிட்டது. நார்ஸ் தொன்மத்தில் இவர்கள் கடலுக்குரிய தம்பதியர்.

முடிச்சு 2019-இல் அவிழ்ந்தது. திமித்ரி மாவே தலைமையிலான குழு இரண்டு வழிகளை இணைத்தது. ஒன்று, முப்பது ஆண்டு ஆரத் திசைவேக அளவீடுகள். மற்றொன்று, ஹவாயின் பத்து மீட்டர் கெக் தொலைநோக்கியில், மீனின் கண்கூசும் ஒளியை மட்டும் மறைக்கும் ஒளிமறைப்பி என்னும் கருவியைப் பொருத்தி, கோளின் சொந்த வெப்ப ஒளியை அகச்சிவப்பில் நேராகத் தேடியது. கோள் படத்தில் தென்படவில்லை. தென்படாமையும் இங்கே ஒரு சான்றாயிற்று: கோள் மிகுந்த நிறையுடையதாக இருந்திருந்தால் பிறப்பின்போது பெற்ற வெப்பம் இன்னும் எஞ்சி, அது படத்தில் ஒளிர்ந்திருக்கும், ஒளிராததால் அதன் நிறைக்கு ஒரு மேல்வரம்பு கிடைத்தது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது கோளின் நிறை வியாழனுடையதில் 0.78 பங்கு, சுற்றுக்காலம் 7.4 ஆண்டு, மீனிலிருந்து தொலைவு 3.5 அலகு என்றும், மையத்தொலைத் தகவு 0.07 மட்டுமே என்றும் கிடைத்தன. நீண்ட பாதை மறைந்து, ஏறத்தாழ வட்டமான பாதை அதன் இடத்தைப் பிடித்தது; மீனின் கொந்தளிப்பால் விளைந்த சிதறல்தான் முன்பு பாதையை நீண்டதாகக் காட்டியிருந்தது. சிறுகோள் வளையம் ஒன்று அதன் அருகில் நிலைப்பதற்கும் இனி இடம் உண்டு.

எஞ்சிய சிதறலையும் அதன் மூலத்திலேயே சென்று பிடிக்கும் முயற்சி அடுத்துத் தொடங்கியது. ரேச்சல் ரோட்டன்பாகர் தலைமையிலான குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மௌன்ட் வில்சன் மலைமேல் பரவலாக அமைந்த ஆறு சிறு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுகூட்டி ஒரே பெருந்தொலைநோக்கிபோல் செயற்படச் செய்யும் சாரா அமைப்பின் வழியே, எப்சிலான் எரிடானியின் வட்ட முகத்தையே படமாக்கியது. வானில் அம்முகத்தின் அகலம் ஒரு பாகையின் பதினேழு லட்சத்தில் ஒரு பங்கு. அப்படத்தில் தெரிந்த கரும்புள்ளிகள் ஒவ்வொன்றும் நிறமாலைக் கோடுகளை எவ்வளவு சாய்க்கும் என்பதைக் கணக்கிட்டு, அதே நாள்களில் டெஸ் விண்கலம் அளந்த ஒளிமாற்றத்தோடும் எக்ஸ்பிரஸ் நிறமாலைமானி அளந்த வேகத்தோடும் ஒப்பிட்டு, பொய்யசைவின் ஒரு பகுதியை அவர்களால் பிரித்தெடுக்க முடிந்தது.